அக்கா கூட்டிய நான்கு கடை வாசல்

கடைசித் தேர்வு எழுதி முடித்த அன்று பிரியாணிக் கடையில், என்னுடன் படித்த ஒருவன் என் அக்காவைப் போல நடித்துக் காட்டினான். மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் என் அக்கா என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அப்போது எனக்கு அறுபது தாண்டி சில வருடங்கள் ஆகியிருந்தன. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்துவிட்டாள். மகள் வெளிநாட்டில். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி வார இறுதி எம்.பி.ஏ. தொடங்கியபோது முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் மாதா கோயிலிலிருந்து நேராக வகுப்புக்குப் போவேன். பையன்களும் பெண்களும் முகத்துக்கு நேரே என்னை சார் என்றார்கள். முதுகுக்குப் பின்னால் பெருசு என்றார்கள். எனக்கு அது வருத்தமில்லை. அவர்களைவிட அதிக மதிப்பெண் வாங்குவது ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. நூற்பு மில்லில் ஷிப்டு பார்த்துவிட்டு வந்து படித்த ஒரு பெண், வராத நாட்களின் குறிப்புகளைக் கேட்டாள். முக்கியமான பக்கங்களை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். அந்தத் தாளில் அவள் தேறவில்லை. இதைச் சொல்லக் காரணம், நான் எப்படிப்பட்டவன் என்பது முதலிலேயே தெரிந்திருக்கட்டும் என்பதுதான்.

நடித்துக் காட்டியவன் விதைக் கம்பெனியில் விற்பனை வேலை பார்த்தவன். மொத்தக் காய்கறி மார்க்கெட்டுக்கு அடிக்கடி போவான்.

"அங்க ஒரு கெழவி இருக்கு சார். கோஸ் எலை பொறுக்கும். அது மாட்டு மேல என் வண்டி லேசா ஒரசிருச்சு. சாரி பாட்டின்னேன். 'ஏலே, இடிச்சது அவளை, மன்னிப்பு என்கிட்டயா? அவகிட்டக் கேளுடா'ன்னு சட்டையப் புடிச்சிருச்சு."

"கேட்டியா?" என்றாள் ஒரு பெண்.

"கேக்காம? மாட்டு முன்னாடி கையக் கட்டி நின்னு கேட்டேன். 'இன்னும் செத்த குனிஞ்சு கேளு, அவளுக்குக் காது மந்தம்'னுச்சு. மார்க்கெட்டே கூடி நின்னு வேடிக்கை பாக்குது."

அவன் கைகளை இடுப்பில் வைத்து, வெற்றிலைச் சாறு ஒழுகும் வாயைக் கோணிக்கொண்டு செய்து காட்டினான். அப்படியே அக்காதான். நான் சிரித்துக்கொண்டே எலும்பைக் கடித்தேன். உள்ளே எனக்குப் பற்றி எரிந்தது. இவனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? ஒரே வாரத்தில் வகுப்பு முழுவதும் தெரிந்துவிடும்.

பாடங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. இனி இறுதி புராஜெக்ட் ஒன்றுதான் பாக்கி. சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத, நீடித்து நிற்கக்கூடிய தொழில்முறை பற்றித்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் கைடு, என் மகளைவிட இளைய ஒரு பேராசிரியை, முன்பே சொல்லியிருந்தார். தலைப்பு கிடைக்காமல் எல்லோரும் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் மார்க்கெட் கழிவைப் பத்திப் பண்றதா இருக்கேன்" என்றேன். அந்த நிமிடம்வரை அப்படி ஒரு எண்ணமே எனக்குக் கிடையாது.

அக்கா என்னைவிட மூத்தவள். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே புருஷனை இழந்தவள். பிள்ளை இல்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில் ஓட்டுச்சாய்ப்பு ஒன்றில் இரண்டு மாடுகளோடு இருந்தாள். பெரிய மாடு ஒன்று. அது போட்ட கிடாரி ஒன்று. மாடு என்று நாம் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். பெரியவ, சின்னவ என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் வீடுவீடாகப் பால் ஊற்றுவாள். என் வீட்டுக்கும் வருவாள். பின்கதவைத் திறந்து வைத்திருப்பேன். வேண்டுமென்றே முன்வாசலுக்கு வந்து, "மேனேசரே! பாலு!" என்று தெரு கேட்கக் கத்துவாள். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அவளைத் தெரிந்த ஒருவர் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

மாட்டை விற்றுவிட்டு என்னோடு வந்து இரு என்று பல தடவை கூப்பிட்டேன்.

"வந்து? ஒன் வீட்டு மூலையில ஒக்காந்து செபமாலை உருட்டவா? போடா. மாதா என்னைப் பாத்தா, ஏண்டி ஒனக்கு வேற வேலை இல்லையான்னு கேப்பா."

அவளுடைய வேலை என்ன என்பதைச் சொல்ல வேண்டும். கதையே அதில்தான் இருக்கிறது. அந்த மார்க்கெட்டில் கூட்டுவதற்குச் சம்பளம் கிடையாது. மதியம் ஏலம் ஓய்ந்ததும் ஒவ்வொரு கமிஷன் கடை வாசலையும் ஒரு பெண் கூட்டித் தள்ளுவாள். கூட்டியது அவளுக்கு. கோஸின் வெளி இலை, காலிபிளவர் தண்டு, மக்காச்சோளத் தோகை, வாடின கீரை, அடிபட்ட காய் எல்லாம் அவள் மாட்டுக்குப் போகும். இன்ன கடை வாசல் இன்னாருக்கு என்று இருக்கும். அடுத்தவள் வாசலில் ஒரு இலையைத் தொட்டாலும் சண்டைதான். அக்காவுக்கு நான்கு கடை வாசல். அந்த நான்கு வாசலில்தான் அவளுடைய இரண்டு மாடுகளும் வளர்ந்தன. அந்த மாடுகளில்தான் அவள் வாழ்ந்தாள். ஏழெட்டுப் பெண்கள் இப்படி இருந்தார்கள். எழுதி வைத்த ஒப்பந்தம் எதுவும் இல்லை. மார்க்கெட் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மார்க்கெட் வியாபாரிகள் சங்கத் தலைவர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், கழிவிலிருந்து எரிவாயு எடுக்க இலவசமாக ஆய்வு செய்து தருகிறார் என்றதும் எழுந்து நின்று வரவேற்றார்.

"ஏனுங்க சார், குப்பையில கேஸ் வருமுங்களா?"

"வரும். குழி போட்டா டீக்கடை ரெண்டுக்கும் அடுப்பு எரியும். தெரு விளக்குகூடப் போடலாம்."

"அப்ப பேப்பர்ல போட்டோ வருமுங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவரோடு வெளியே வந்தபோது அக்கா கூட்டிக்கொண்டிருந்தாள். சாணார்பட்டித் தக்காளி லாரி ஒன்று அப்போதுதான் இறக்கிவிட்டுக் கிளம்பியிருந்தது. நசுங்கின தக்காளியை விளக்குமாற்றால் ஒதுக்கிக்கொண்டே நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏலே மேனேசரு! இங்க என்னடா பண்ற?"

தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார். "தெரிஞ்சவங்களுங்களா?"

"எங்க ஊருப் பக்கம்" என்றேன்.

அக்காவின் காதில் அது விழுந்தது. விளக்குமாறு ஒரு கணம் நின்றது. பிறகு தலைவரைப் பார்த்து, "ஆமாங்கய்யா. ஊருக்காரவுக. பெரிய படிப்புப் படிக்கிறாக" என்றாள். குனிந்து மறுபடி கூட்டத் தொடங்கினாள். என்னை அவுக என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் பால் கொண்டு வந்தவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "என்னாடா படிப்பு அது?" என்று மட்டும் கேட்டாள். கழிவு எவ்வளவு சேருகிறது என்று கொஞ்ச நாள் எடை போட வேண்டும் என்றேன்.

"குப்பைய எடை போடுறதுக்கு ஒரு படிப்பா? அதுக்கு இம்புட்டு வயசுக்கு மேல காலேசா? சரி, நான் அள்ளித் தாரேன். நீ சட்டையில அழுக்குப் பண்ணிக்கிறாத."

அள்ளித் தந்தாள். மற்றப் பெண்களையும் அவள்தான் சத்தம் போட்டுச் சேர்த்தாள். அவரவர் கூட்டியதைச் சாக்கில் கட்டி, தராசுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எடை போட்டதும் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்கள். இலை தனி, காய் தனி, தக்காளி தனி என்று பிரித்துப் போடச் சொன்னேன். அக்கா உட்கார்ந்து பிரித்தாள். முட்டி வலியில் எழுந்திருக்க முடியாமல் என் கையைப் பிடிக்கப் பார்த்தாள். பக்கத்தில் தலைவர் நின்றார். நான் கையை நீட்டவில்லை. இன்னொருத்தி வந்து தூக்கிவிட்டாள்.

"சின்னவ சினையா இருக்காடா" என்றாள் ஒரு நாள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு. "நீ பாசாகுற நேரத்துக்குக் கன்னு போட்டுருவா. ஒனக்குச் சீம்பாலு காய்ச்சித் தாரேன். நீயும் ஒன் வாத்தியாரம்மாவும் தின்னுங்க."

எடை போட்டு முடிந்தபின் கைடிடம் போனேன். எடைக் கணக்கைப் படித்துப் பார்த்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்தக் கேள்வியில் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கலாம்.

"சார், இப்போ இந்தக் கழிவெல்லாம் எங்கே போகுது? நீங்க எடுத்த படத்துல மார்க்கெட் சுத்தமா இருக்கே. யாரோ எடுத்துட்டுப் போறாங்க இல்லையா?"

"சில பொம்பளைங்க வந்து அள்ளிட்டுப் போறாங்க மேடம்."

"யார் அவங்க? மார்க்கெட் ஆளுங்களா?"

"இல்ல. வெளி ஆளுங்க. அசந்த நேரத்துல நல்ல காயையும் சேர்த்து எடுத்துருவாங்க. திருட்டுதான்."

திருட்டு என்ற சொல் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. அவர் கொஞ்சம் யோசித்தார். "அவங்ககிட்டயும் ஒரு தடவை பேசிடுங்க சார். அவங்களும் இதுல ஒரு தரப்புதானே" என்றார். பேசிவிட்டேன் என்று பிறகு எழுதிவிட்டேன். பேசினதாக நான் எழுதிய பதில்களெல்லாம் நானே உண்டாக்கியவை. கழிவின் இன்றைய மதிப்பு என்ற இடத்தில் பூஜ்யம் போட்டேன். அனுமதியற்ற நபர்கள் எடுத்துச் செல்வதைத் தடுக்கக் கதவும் காவலும் வேண்டும் என்று பரிந்துரையில் சேர்த்தேன். நல்ல தமிழிலும் நல்ல ஆங்கிலத்திலும் எழுதத் தெரிந்தவன் நான். படிப்பவருக்கு ஒரு சந்தேகமும் வராது.

பூமியைப் பற்றி அதில் ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். வருங்காலச் சந்ததி, மண்வளம், காற்று. படித்த கைடு கண் கலங்கியதாகச் சொன்னார். அத்தனை பக்கங்களையும் நான் எழுதியது ஒரே காரணத்துக்காக. அக்கா அந்த மார்க்கெட்டில் குனிந்து நிற்கக் கூடாது. அவளுக்கு வேறு வழி இல்லாமல் போனால் மாட்டை விற்றுவிட்டு என் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிடுவாள். யாரும் பிரியாணிக் கடையில் அவளைப் போல நடித்துக் காட்டமாட்டார்கள். அவள் நன்மைக்குத்தான் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்ற ஆறேழு பெண்களைப் பற்றி நினைக்கவே இல்லை.

சங்கம் இவ்வளவு வேகமாக வேலையைத் தொடங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குழி வெட்டிச் சிமெண்ட் பூசி மூடி போட்டார்கள். குழியில் முதலில் பச்சைச் சாணியைக் கரைத்து ஊற்ற வேண்டும், அப்போதுதான் உள்ளே வேலை தொடங்கும் என்றார் குழி அமைக்க வந்தவர். சாணிக்கு எங்கே போவது என்று தலைவர் என்னைப் பார்த்தார். அக்காவிடம் கேட்டேன்.

"எதுக்கு?"

"படிப்புக்கு."

"சாணியுமா?" என்று சிரித்தாள். எருவாகத் தோட்டக்காரர்களுக்குக் கொடுக்க வைத்திருந்ததை எல்லாம் கூடை கூடையாகச் சுமந்து வந்து குழி ஓரத்தில் கொட்டினாள். மற்றப் பெண்களும் கொண்டு வந்தார்கள்.

குழி திறந்த மறுநாள் கதவில் காவலாளி நின்றான்.

அன்று மதியம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் வெறும் சாக்கு. முன்வாசலில் கத்தாமல் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"கதவுல ஒருத்தன் நிக்கிறான்டா. உள்ள விடமாட்டேங்கிறான். திருட்டுக் கும்பல்ங்கிறான். என் நாலு கடைடா. கடைக்காரங்ககிட்டச் சொன்னா, சங்கத்து உத்தரவுங்கிறாங்க. நீதான் தலைவரோட பழகுறியே, ஒரு வார்த்தை சொல்லு."

"அவங்க முடிவுக்கா. நான் சொல்லி என்ன ஆகப்போகுது."

"அப்பக் கூட்டுறது யாரு?"

"ஆள் வெச்சிருக்காங்க."

"எங்களையே வெச்சிருக்கலாம்ல?"

அவள் குடித்துவிட்டு வைத்த செம்பை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

"சரி, கூட்டுறது வேணாம். கோஸ் எலை மட்டும் ஒரு சாக்கு தரச் சொல்லுடா. சின்னவ சினையா இருக்கால்ல. வைக்கோல் வாங்க எனக்கு எங்க முடியும்? ஒரே ஒரு சாக்கு அப்பு."

ஒரு தொலைபேசி அழைப்பில் அது முடிந்திருக்கும். தலைவர் என் பேச்சைத் தட்டியிருக்க மாட்டார்.

"மாட்டை வித்துருக்கா" என்றேன். "ஒனக்கு எதுக்கு இந்த வயசுல? பின்ரூம் சும்மாதான் கெடக்கு. ஃபேன் போட்டுத் தாரேன். டிவி பாத்துக்கிட்டு இரு. மானமா இரு."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மானம் என்ற சொல்லில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீயாடா?"

நான் போய் முன்கதவைச் சாத்தினேன்.

"நான் அள்ளித் தந்தேனேடா. பிரிச்சுப் போட்டேனே. எல்லாத்துக்கும் மேல சாணி வேற கொண்டாந்து ஊத்துனேனே."

"ஒரு நாள் நீயே புரிஞ்சுக்குவ."

"எனக்குப் புரியாம என்ன" என்று எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் எழுந்தாள். "பாலு நாளைக்கு வராது. பாக்கெட்டு வாங்கிக்க" என்றாள்.

தீனி இல்லாததால் பெரிய மாட்டைத் தெருவில் மேய அவிழ்த்துவிட்டாள். வேறு வழி இல்லை. அது பழக்கத்தில் மார்க்கெட் கதவுவரை போய் நிற்கும். காவலாளி கம்பால் அடித்துத் துரத்துவான். பேருந்து நிலையத்துப் பக்கம் குப்பைத் தொட்டிகளில் வாயை வைத்துப் பழகியது. ஓட்டல்காரர்கள் சாம்பார் மிச்சத்தோடு கட்டிப் போடும் பிளாஸ்டிக் பைகளை அப்படியே விழுங்கியது. கொஞ்ச நாளில் வயிறு உப்பி, சாலையோரம் படுத்து, எழுந்திருக்கவில்லை. நான் ஸ்கூட்டரில் அந்த வழியாகப் போனேன். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து அதன் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நிற்கவில்லை. வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு அச்சடித்து அட்டை போடக் கொடுத்திருந்த பிரதிகளை வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். கால்நடைகள் பிளாஸ்டிக் தின்று சாவதைப் பற்றியும் அதில் ஒரு பத்தி உண்டு.

சினை மாட்டை ரெட்டியார்சத்திரம் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள் என்று பால்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். மாடு நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்று நிம்மதியாகக்கூட இருந்தது. பின்னறையை வெள்ளையடித்து வைத்தேன். அவள் வரவில்லை.

வைவாவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் எழுந்து கை கொடுத்தார். வகுப்பில் முதலாவதாக வந்தேன். அந்த வாரம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபப்பட்டது, செபத்தில் கவனம் இல்லாதது என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு வந்தேன். இதைச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு பூசையில், கடைசி ஆசீருக்கு முன், அறிவிப்புகளோடு பங்குச் சாமியார் என் பெயரைச் சொன்னார். இந்த வயதில் முதுகலைப் பட்டம், அதுவும் கடவுள் படைத்த இயற்கையைக் காக்கும் ஆய்வு, இளைஞர்களுக்கு முன்மாதிரி என்றார். கோயில் முழுவதும் கைதட்டியது. நான் எழுந்து நின்று கும்பிட்டேன். பெண்கள் பக்கத்தில் அக்காவும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தபோது அவள் மாதா கெபிக்குப் பக்கத்தில் ஒரு தூக்குவாளியோடு நின்றாள். சுற்றிலும் கூட்டம். என்னோடு படித்த விதைக் கம்பெனிக்காரனும் இருந்தான். அக்கா பூசைக்கு வருவது அபூர்வம் என்ற தைரியத்தில், என்னை வாழ்த்த அவனை வரச் சொல்லியிருந்தேன்.

"எல்லாரும் வாங்க, வாங்க சாமி" என்று பங்குச் சாமியாரையும் கூப்பிட்டாள். வாளியைத் திறந்தாள். பால்கோவா. வாழை இலைத் துண்டில் வைத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்கப் பேசினாள். அவள் குரல் உங்களுக்குத் தெரியாது. மார்க்கெட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல்.

"என் தம்பிதேன். கூடப் பொறந்தவன். ஒரே வயிறு. ஊருக்காரவுக இல்ல, தம்பி. மார்க்கெட்டுக் குப்பையில பாசாயிருக்கான். குப்பைய நான்தேன் அள்ளிக் கொடுத்தேன். சாணி நான்தேன் சொமந்தேன். இப்ப மார்க்கெட்டுக்குள்ள எனக்கு எடமில்ல, திருடியாம் நான். மாடு ரெண்டும் போச்சு. போனாப் போகுது, தம்பி பாசாயிட்டான்ல? சாப்புடுங்க சாமி. பாக்கெட்டுப் பாலுதேன். சீம்பாலு தாரேன்னு சொல்லியிருந்தேன். மாடு இருந்தாத்தானே."

யாரும் சிரிக்கவில்லை. விதைக் கம்பெனிக்காரன் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பங்குச் சாமியார் கையில் இலையோடு அப்படியே நின்றார். அவள் என்னிடம் வந்தாள். எல்லோருக்கும் கொடுத்ததைவிடப் பெரிய உருண்டை.

"ஒனக்குன்னு தனியா எடுத்து வெச்சேன். தின்னு."

கையில் வாங்கினேன்.

"இங்கயே தின்னு. நான் பாக்கணும்."

தின்றேன். அவள் கடைசி வாய்வரை நின்று பார்த்தாள். பிறகு வாளியை மூடிக்கொண்டு போனாள்.

அப்போதாவது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. எல்லார் முன்னாலும் என்னை இப்படிச் செய்துவிட்டாளே என்று பல நாள் அவளை மனதுக்குள் திட்டினேன்.

சில மாதங்கள் கழித்துச் சங்கத் தலைவர் கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், குழி புளிச்சுப் போச்சுங்க. கேஸ் வரலீங்க. நாத்தம் தாங்கலீங்க, யாவாரிக உள்ள வரமாட்டேங்கறாங்க. குழி போட்டவரு வந்து பாத்தாருங்க. தக்காளியும் எலுமிச்சையும் அதிகமாயிருச்சாமுங்க, மறுபடியும் பச்சைச் சாணி நெறையா ஊத்தோணுமாமுங்க. இங்க சுத்துவட்டாரத்துல ஒரு மாடு இல்லீங்க. எல்லாத்தையும் வித்துப்போட்டாங்க. உங்க ஊருக்காரம்மா ஒருத்தங்க இருந்தாங்களே, அவங்ககிட்டக் கேட்டுச் சொல்றீங்களா?"

மாட்டின் தீனியை எடுத்து மாட்டின் சாணியில் நிற்கிற ஒரு குழிக்குப் போட்டேன். அது எத்தனை நாள் நிற்கும் என்று என் ஆய்வில் ஓரிடத்திலும் இல்லை. வைவா எடுத்தவரும் கேட்கவில்லை, முதல் மதிப்பெண் போட்டார். நீடித்து நிற்கும் தொழில்முறை. அந்தத் தலைப்பு என் வரவேற்பறையில் தங்க எழுத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

போனேன். சாணி கேட்கப் போகவில்லை. கதவைத் திறந்துவிடச் சொல்லித் தலைவரிடம் சம்மதம் வாங்கிவிட்டுப் போனேன். பழையபடி கூட்டலாம், அள்ளலாம். ஒரு மாடு நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்லப் போனேன்.

அக்கா வாசலில் உட்கார்ந்து வெஞ்சனத்துக்கு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போகிறாள் என்று அங்கேதான் தெரிந்தது. கை விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. நான் எல்லாவற்றையும் சொன்னேன். குழி புளித்ததையும் சாணி தேடுவதையும் சொன்னேன்.

"சாணியா?" என்றாள். கீரைக்காம்பைத் தூர எறிந்தாள். "மாட்டுக்குப் பதிலா என்னையக் கட்டிப் போடச் சொல்லு. நான்தேன் மிச்சம்."

"மாடு வாங்கித் தாரேன்க்கா. கதவு தெறந்தாச்சு. ஒன் நாலு கடையும் ஒனக்கே."

"ஆங். நீ வாங்கித் தருவ. நான் வளத்து, சினையாக்கி வெப்பேன். நீ அடுத்து டாக்டர் பட்டம் படிக்கக் கெளம்புவ." உருவின கீரையை முறத்தில் தட்டிச் சேர்த்தாள். "வேணாம் அப்பு. ஒம் படிப்புக்கெல்லாம் தீனி போட என்கிட்ட ஒண்ணுமில்ல."

"மன்னிச்சிருக்கா."

அவள் கை நிற்கவில்லை. தலை நிமிராமலே சொன்னாள்: "இடிச்சது அவளுகள. என்கிட்ட ஏன் கேக்குற?"

சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கீரையை அலசும் சத்தம் கேட்டது. மறுபடி வெளியே வரவில்லை.  நான் மாடுகளிடம் மன்னிப்புக் கேட்பதற்குச் சாய்ப்புக்குள் திரும்பிப் பார்த்தேன். அவற்றைக் கட்டிய முளைக்குச்சிகள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. கழுநீர் வைக்கும் தொட்டியில் மண்டபத்துச் சீருடைச் சேலை ஊறிக்கொண்டிருந்தது.